லேப்டாப் கிராபிக்ஸ் கார்டு: கழற்றி மாற்றுவதா, வெளியே வைப்பதா, பற்றவைத்ததையே வாங்குவதா?

பாகங்களைக் கழற்றி மாற்றும்படி லேப்டாப் செய்யும் நிறுவனமான ஃபிரேம்வொர்க்கின் லேப்டாப் 16-இல் இருந்த, ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூலை (கழற்றி மாட்டும் கார்டுப் பகுதியை) போட்டிருக்கிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வதும் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவதும்) வீடியோ எடிட் செய்வதும் என் வேலை, கேம் எல்லாம் ஓய்வு நேரத்துக்குத்தான். வாங்குவதற்கு முன் மூன்று வழிகளை யோசித்தேன். ஒன்று, கார்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட வழக்கமான கேமிங் லேப்டாப். இரண்டு, மெல்லிய லேப்டாப்போடு மேசையில் ஒரு வெளிப்புற கிராபிக்ஸ் பெட்டி. மூன்று, இந்த மாட்யூல். நான் மூன்றாவதன் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும். மற்ற இரண்டையும் ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான கேமிங் லேப்டாப்பைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அதே 5070-ஐக் குறைந்த விலைக்குத் தரும், கடையில் உடனே கிடைக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக விற்றுவிட்டுப் புதிது வாங்குகிறவர்களுக்கு அதுதான் லாபம். வாரண்டி முடிந்த பிறகு கார்டு போய்விட்டால் பெரும்பாலும் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்பது எல்லோரும் அறிந்ததுதான்.

வெளிப்புறப் பெட்டி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதில் டெஸ்க்டாப் கார்டையே போடலாம். டெஸ்க்டாப் 5070 அறிமுகமானபோது 549 டாலர், அதில் 12 ஜிபி நினைவகம். 5060 டிஐ-யின் 16 ஜிபி வகை 429 டாலர். லேப்டாப் 5070 மாட்யூலில் இருப்பதோ 8 ஜிபி, அறிவித்தபோது அதன் விலை சுமார் 650 டாலர். காசுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் பார்த்தால் பெட்டிதான் ஜெயிக்கிறது. ஆனால் பெட்டிக்கும் பவர் சப்ளைக்கும் தனிச் செலவு உண்டு, இணைக்கும் கேபிளும் குறுகல். தண்டர்போல்ட் 4 என்ற கேபிள் இணைப்பு வழியாக கார்டுக்குக் கிடைப்பது நொடிக்கு 32 ஜிகாபிட். தண்டர்போல்ட் 5, ஆகுலிங்க் என்ற இன்னொரு இணைப்பு இரண்டிலும் 64. ஃபிரேம்வொர்க் மாட்யூல் மதர்போர்டும் கார்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் பிசிஐஇ 4.0 இணைப்பின் எட்டுத் தடங்களில் உட்காருவதால் ஏறக்குறைய 128. ரெண்டர் வேலையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, காட்சி ஒருமுறை கார்டின் நினைவகத்துக்குள் ஏறிவிட்டால் கேபிளுக்கு வேலை குறைவு. கேமில் தெரியும், அதுவும் படத்தைத் திரும்ப லேப்டாப் திரைக்கே கொண்டுவந்தால் நன்றாகவே தெரியும். பெட்டி விஷயத்தில் என் அனுபவம் நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்த அளவுதான். வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் சொல்வதை என்னுடையதைவிட அதிகம் நம்புங்கள். நான் வேலையை எடுத்துக்கொண்டு ஊர் மாறுகிறவன், பெட்டியும் கூடவே வர வேண்டும் என்பதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

சரி, மாட்யூலுக்கு வருவோம். வேகம், எடை, விலை எல்லாவற்றையும் தாண்டி நான் பார்த்தது ஒன்றே ஒன்று: இரண்டாவது கார்டு வருமா? முதல் கார்டைக் கழற்ற முடிகிறது என்பதால் மட்டும் ஒரு லேப்டாப் மேம்படுத்தக்கூடியது ஆகிவிடாது. அடுத்த தலைமுறைக் கார்டு அதே இடத்தில் பொருந்தி வேலை செய்ய வேண்டும். இதற்கு முன் நடந்த முயற்சிகள் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

எம்எக்ஸ்எம் என்ற கார்டு வடிவத்தை என்விடியா 2004-இல் கொண்டுவந்தது. பல நிறுவனங்களின் கனமான லேப்டாப்களில் அது இருந்தது. இணைப்பானுக்குப் பொது வரையறை இருந்தது, பலகைக்கும் அளவு இருந்தது. இல்லாமல் போனது கார்டைச் சுற்றியிருந்தவற்றுக்கான ஒழுங்கு. எம்எக்ஸ்எம் கார்டு வெறும் பலகைதான், வெப்பத்தை இழுக்கும் செம்புக் குழாயும் விசிறியும் லேப்டாப்புக்குச் சொந்தம். புதுக் கார்டில் சிப் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலோ, நினைவகச் சில்லுகளின் உயரம் மாறினாலோ, பழைய ஹீட்சிங்க் சரியாகப் படியாது. படிந்தாலும் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அந்தக் கார்டை ஏற்க மறுக்கும். ஏற்றாலும் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் நிறுவப்படாது, அது எந்தக் கார்டுகளை ஏற்கும் என்று சொல்லும் இன்ஃப் கோப்பைத் திருத்தி ஏமாற்ற வேண்டும். எம்எக்ஸ்எம் காலத்தில் கார்டு மாற்றியவர்கள் இந்தப் பாட்டையெல்லாம் பட்டவர்கள்தான். அவர்கள் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் சாதாரண வாடிக்கையாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

டெல் நிறுவனம் 2019-இல் ஏலியன்வேர் ஏரியா-51எம் லேப்டாப்பைத் தனக்கே உரிய கார்டு வடிவத்தோடு விட்டது. மேம்படுத்தலாம் என்பதே விளம்பரத்தின் மையம். அடுத்த தலைமுறைக் கார்டுகள் அதில் போடும்படி வரவில்லை. 2021-இல் வாடிக்கையாளர் ஒருவர் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்கே போட்டார். கழற்றக்கூடிய கார்டு என்று யார் சொன்னாலும் நான் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஃபிரேம்வொர்க் இதை வேறு விதமாக அணுகியது. லேப்டாப்பின் பின்பகுதி முழுவதையும் ஒரு விரிவாக்கப் பகுதியாக விட்டுவிட்டார்கள். மாட்யூல் தன் ஹீட்சிங்க்கையும் விசிறிகளையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அது பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அதன் விருப்பம். அதனால் புதுச் சிப்பின் உயரம், சூடு, பலகையின் அமைப்பு எதுவும் லேப்டாப்பின் கவலை அல்ல. அந்தப் பகுதியின் வரைபடங்களையும் இணைப்பான் விவரங்களையும் கிட்ஹப் இணையதளத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் லேப்டாப் 16 வாங்கியவர்களின் கைக்கு வரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் 5070 மாட்யூலை அறிவித்தபோது, பழைய லேப்டாப்பிலும் அது அப்படியே பொருந்தும் என்றார்கள். பொருந்தியது. ஏஎம்டி கார்டு இருந்த இடத்தில் என்விடியா கார்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி.

மாற்றும் வேலை எளிது. டச்பேடையும் கீபோர்டையும் எடுத்துவிட்டு, மதர்போர்டையும் மாட்யூலையும் இணைக்கும் சிறு பலகையின் திருகுகளைத் தளர்த்தி எடுத்தால், மாட்யூலைப் பின்பக்கமாக இழுத்துவிடலாம். லேப்டாப்போடு வரும் திருப்புளியே போதும். வேகம் 30 முதல் 40 சதவீதம் கூடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸில் எனக்கு அதற்கு மேலேயே கிடைக்கிறது, என்விடியா கார்டில் அந்நிறுவனத்தின் ஆப்டிக்ஸ் மென்பொருள் வழியாக ரெண்டர் ஓடுவதே காரணம் என்று நினைக்கிறேன். கேமில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

குறைகளும் பெரியவைதான். 8 ஜிபி நினைவகம் பழைய கார்டிலும் அதே, புதுக் கார்டிலும் அதே. கனமான காட்சிகள் அதில் ஏறாது, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்ட நினைப்பவர்களுக்கும் போதாது. 12 ஜிபி வேண்டுமானால் லேப்டாப் 5070 டிஐ-க்கும், 16 ஜிபி வேண்டுமானால் 5080-க்கும் போக வேண்டும், அவை மாட்யூலாக வரவில்லை. இரண்டு மாட்யூல்களும் 100 வாட்டில் ஓடுபவை. 150 வாட் கார்டு வேண்டுமானால் சார்ஜர், விசிறி, எடை எல்லாமே வேறு கணக்கு. கார்டோடு சேர்த்து இப்போதே 2.4 கிலோ. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, கிராபிக்ஸ் மாட்யூலை விற்பது ஒரே ஒரு நிறுவனம் என்பது. வரைபடம் பொதுவில் இருந்தும் பெரிய கார்டு நிறுவனம் எதுவும் இன்னும் இறங்கவில்லை. லேப்டாப் சிப்களை கார்டாக்கி விற்க ஏஎம்டியும் என்விடியாவும் ஒத்துழைக்க வேண்டும், சின்ன வியாபாரத்துக்கு அவர்கள் எத்தனை முறை இறங்கி வருவார்கள்?

இன்னொரு பக்கமிருந்தும் அழுத்தம் வருகிறது. ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் போன்ற சிப்களில் கிராபிக்ஸ் உள்ளேயே பெரிதாக இருக்கிறது, 128 ஜிபி வரை நினைவகத்தை ப்ராசசரோடு பகிர்ந்துகொள்கிறது. அந்தச் சிப்பை வைத்து ஃபிரேம்வொர்க்கே ஒரு டெஸ்க்டாப் செய்தது. அதில் நினைவகத்தைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று, கழற்றக்கூடிய நினைவகத்தில் அந்த வேகத்துக்கு சிக்னல் தாங்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். கழற்றி மாட்டுவதையே கொள்கையாகக் கொண்டவர்களுக்கே அந்த நிலை என்றால், தனிக் கார்டின் எதிர்காலம் வேகமான கார்டுகளை மட்டும் நம்பியிருக்க முடியாது. நினைவகம் அதிகமுள்ள மாட்யூல் ஒன்று சீக்கிரம் வர வேண்டும். அதைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

பழைய 7700எஸ்-ஐ விற்பது அவ்வளவு சுலபமில்லை. அது வேறு எந்த லேப்டாப்பிலும் பொருந்தாது, ஆகவே கார்டு இல்லாமல் லேப்டாப் 16 வாங்கியவர்கள் மட்டுமே வாடிக்கையாளர்கள். டெஸ்க்டாப் கார்டைப் போல நல்ல மறுவிற்பனை விலையை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பழைய மாட்யூலை யாரிடமாவது வாங்குகிறீர்கள் என்றால், இரண்டு விசிறிகளும் சத்தமில்லாமல் சுற்றுகின்றனவா என்று முதலில் பாருங்கள், அவை ப்ராசசரையும் சேர்த்துத்தான் குளிர்விக்கின்றன. 5070 போடப்போகிறவர்கள் மாட்யூலைக் கையில் எடுப்பதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அப்புறம் ஆரம்பத்தில் வந்த 180 வாட் சார்ஜரே உங்களிடம் இருந்தால், நீண்ட ரெண்டரின்போது சார்ஜர் செருகியிருந்தும் பேட்டரி மெல்லக் குறையக்கூடும். 240 வாட் சார்ஜரையும் சேர்த்து விலை போட்டுக்கொள்ளுங்கள்.