ஒரே வாரத்தில் வந்த இரண்டு கார்டுகள்: இருபது வருட கிராஃபிக்ஸ் கார்டு அனுபவம்

2019 ஜூலை 7ஆம் தேதி ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி விற்பனைக்கு வந்தது. இரண்டே நாள் கழித்து என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். அன்றிருந்த கேம்களில் ஓட்டிப் பார்த்தால் 5700 எக்ஸ்டிதான் வேகம், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அந்த டிசம்பரில் நான் வாங்கியது 2060 சூப்பர். ப்ளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் எனக்கு ரெண்டர் வேலை, அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை, அதிகம். வாங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' வந்தபோது, ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரைவது) வன்பொருள் இல்லாத கார்டுக்கு அதில் இடமில்லை என்று தெரிந்தது. குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் என்விடியா பக்கம் எழுதியிருந்தது என் கார்டின் பெயர். 2019இல் அதை முந்திய 5700 எக்ஸ்டியில் அந்த வன்பொருளே கிடையாது. வேகத்தில் தோற்ற கார்டு உள்ளே, ஜெயித்த கார்டு வெளியே. இடையில் இரண்டு கார்டுகளிலும் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. மாறியது மென்பொருள்.

இதை முதன்முதலில் எனக்குப் புரியவைத்தது ரேடியான் 9700 ப்ரோ. அந்தக் கார்டு வெளியானது 2002 ஆகஸ்டில். அதை முழுதாகப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 9, அதாவது கேமும் கார்டும் பேசிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் தரும் மென்பொருள், வந்தது டிசம்பரில். நான் வாங்கியது 2003இல். டைரக்ட்எக்ஸ் 9இன் ஷேடர் (ஒளி, நிறம் கணக்கிடும் சிறு நிரல்) கணக்குகளுக்குக் குறைந்தது 24 பிட் துல்லியம் வேண்டும் என்று வரையறுத்தார்கள். அன்று ரேடியானைச் செய்துகொண்டிருந்த ஏடிஐ (2006இல் ஏஎம்டி வாங்கிய நிறுவனம்) சரியாக 24 பிட்டில் கட்டியிருந்தது. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸில் இருந்தது 16 அல்லது 32. பதினாறு போதாது, முப்பத்திரண்டோ அந்தச் சிப்பில் மெதுவாக ஓடும். ஆக, மைக்ரோசாஃப்ட் ஒரு எண்ணை எழுதிய இடத்திலேயே பாதிப் போட்டி முடிந்துவிட்டது.

ஆனால் மீதிப் பாதி முடியவில்லை. அந்த வித்தியாசத்தை ஊரறியக் காட்ட வேண்டிய கேம் ஹாஃப்-லைஃப் 2. 2003 செப்டம்பர் 30 என்று தேதி குறித்திருந்தார்கள். அந்த மாதம் கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனமே மேடையேறி, ரேடியான் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று எண்களோடு காட்டியது. ஏடிஐ தன் 9800 எக்ஸ்டி கார்டோடு அந்தக் கேமுக்கான கூப்பனையும் வைத்து விற்றது. கேம் வந்ததோ 2004 நவம்பர் 16. பதின்மூன்றரை மாதத் தாமதம்! அதற்குள் 2004 ஏப்ரலில் ஜீஃபோர்ஸ் 6800 வந்து, எஃப்எக்ஸின் குறையைச் சரிசெய்துவிட்டது. ஆகஸ்டில் வந்த டூம் 3, டைரக்ட்எக்ஸுக்கு மாற்றான ஓப்பன்ஜிஎல்லில் எழுதப்பட்டது. அதில் என்விடியாவின் கை ஓங்கியிருந்தது. ஏடிஐயின் பொறியாளர்கள் சம்பாதித்த முன்னிலையின் பெரும்பகுதி ஒரு கேமின் தேதி தள்ளிப்போனதில் கரைந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

என்னைப் போன்ற பயனருக்கு நஷ்டமில்லை. ஹாஃப்-லைஃப் 2 என் 9700 ப்ரோவில் டைரக்ட்எக்ஸ் 9 எஃபெக்டுகளோடு ஓடியது. தண்ணீரில் கரை பிரதிபலித்ததைப் பார்த்துக்கொண்டு கதையை மறந்து நின்றது நினைவிருக்கிறது. எஃப்எக்ஸ் கார்டுகளை அதே கேம் தானாகவே டைரக்ட்எக்ஸ் 8 வழிக்கு இறக்கிவிடும்.

அடுத்தது ரேடியான் எச்டி 5850. இந்த முறை தேதிகள் ஏடிஐக்கு அமைந்தன. 5870, 5850 இரண்டும் 2009 செப்டம்பரில். டைரக்ட்எக்ஸ் 11ஓடு விண்டோஸ் 7 அக்டோபர் 22இல். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 480 வர 2010 வசந்தம் ஆகிவிட்டது. ஏறக்குறைய ஆறு மாதம், புதிய விண்டோஸுக்குப் புதிய கணினி கட்டியவர்களுக்கு டைரக்ட்எக்ஸ் 11 கார்டு வேண்டுமென்றால் போக ஒரே வாசல்தான். என்றாலும் முந்தி வந்தால் மட்டும் போதாது என்பதையும் அதே கார்டில்தான் பார்த்தேன். பரப்புகளை நுண்ணிய முக்கோணங்களாகப் பிரித்து விவரம் கூட்டும் டெஸலேஷன் என்ற வசதியைக் கேம்கள் தாராளமாக அள்ளிப் பயன்படுத்தியது பிற்பாடு. 2011 ஜூனில் கிரைசிஸ் 2க்கு டைரக்ட்எக்ஸ் 11 பேட்ச் வந்தபோது, தாமதமாக வந்த என்விடியா சிப்புகள்தான் அந்தச் சுமையைச் சுலபமாகத் தாங்கின. நான் டெஸலேஷனைக் குறைத்து வைத்து விளையாடினேன், கண்ணுக்குப் பெரிய வித்தியாசமில்லை.

இந்த இரண்டு கதைகளிலும் தேதி கார்டு நிறுவனத்தின் கையில் இல்லை. அதைத் தன் கைக்குக் கொண்டுவர ஏஎம்டி ஒருமுறை துணிந்தது: டைரக்ட்எக்ஸுக்கு மாற்றாக 2013இல் அறிவித்த மேண்டில். அதன் விதையிலிருந்துதான் 2016 பிப்ரவரியில் எல்லா நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவான வல்கன் முளைத்தது. அந்த ஜூலையில் புதிய டூம் கேமுக்கு வல்கன் வந்தபோது பழைய ரேடியான்கள்கூட கணிசமாக வேகமெடுத்தன. ஆனால் அந்தக் கார்டுகளைப் பற்றிய விமர்சனங்கள் எல்லாம் வெளியான நாளிலேயே எழுதி முடிக்கப்பட்டவை. ஏற்கெனவே வாங்கியவர் மகிழ்ந்தார். ஆனால் வாங்கலாமா என்று யோசித்தவர் அதற்குள் வேறு கார்டு வாங்கியிருந்தார். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். நல்ல வன்பொருளுக்குத் தீர்ப்பு வந்தபின் சாட்சி வந்து என்ன பயன்?

என்விடியா வேறு வழி பிடித்தது: வன்பொருளை முன்னால் அனுப்பிவிட்டு மென்பொருளைத் தானே துரத்திக்கொண்டு போவது. அதிலும் தடுமாற்றம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 2080 வந்தது 2018 செப்டம்பர் 20. ரே டிரேசிங்குக்குத் தேவையான விண்டோஸ் 10 அப்டேட் அக்டோபர் தொடக்கத்தில் வந்து, சிலருடைய கோப்புகளை அழித்ததால் நிறுத்தப்பட்டு, மறுபடி வந்தது நவம்பர் 13. ரே டிரேசிங்கைக் காட்டும் முதல் கேமாக பேட்டில்ஃபீல்ட் 5 பேட்ச் அடுத்த நாள். ஏறக்குறைய எட்டு வாரம் அந்தக் கார்டின் ரே டிரேசிங் பகுதிகளுக்கு எந்தக் கேமிலும் வேலையில்லை.

நான் ஓராண்டு பொறுத்து வாங்கியதால் அந்தக் காத்திருப்பு எனக்கு வாய்க்கவில்லை. 2019 நவம்பரில் ப்ளெண்டர் 2.81, என்விடியாவின் ஆப்டிக்ஸ் மென்பொருள் வழியாக அதே ரே டிரேசிங் பகுதிகளை ரெண்டருக்குத் திறந்துவிட்டது. 2020 மார்ச்சில், சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தின் 2.0 பதிப்பு வந்தது, மங்கலாக இருந்த முதல் பதிப்பை மறக்கவைக்கும் அளவு தெளிவு. 2025இல் வந்த புதிய டிஎல்எஸ்எஸ் மாடலும் இந்தப் பழைய கார்டில் ஓடுகிறது. ஏஎம்டி பக்கம் 2020 நவம்பரிலேயே ஆர்எக்ஸ் 6000 வரிசையில் ரே டிரேசிங் வன்பொருள் வந்துவிட்டது. ப்ளெண்டர் அதைத் தொட்டது 2023 ஜூனில், 3.6 பதிப்பில், அதுவும் சோதனை நிலையில். இரண்டரை வருடத்துக்கு மேல். ரெண்டர் வேலைக்குக் கார்டு தேடிய ஒருவர் அந்த இடைவெளியில் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் யாராவது கார்டு கேட்டால், அவர் தினம் திறக்கும் மென்பொருள் எது, அதன் இன்றைய பதிப்பில் அந்தக் கார்டின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று முதலில் கேட்கிறேன். 'வரப்போகிறது' என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வந்தால் சந்தோஷம்.

என் 2060 சூப்பர் இன்னும் ஓடுகிறது. பெரிய காட்சிகளை ரெண்டர் செய்யும்போது 8 ஜிபி நினைவகம் நிரம்பிவிடுகிறது. டெக்ஸ்சர்களைச் சுருக்கி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.