மைட்டோ சோதனை: யார் கன்னத்தில் குச்சியைத் தேய்ப்பது?

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, சுருக்கமாக மைட்டோ, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். ஆணிடமும் இருக்கும், ஆனால் அவர் பிள்ளைகளுக்குப் போகாது. தாய்வழி வேரைத் தேட விற்கிற கிட்டுகளில், அதன் 16,569 எழுத்துகளையும் விடாமல் படித்து, ஒத்துப்போகிறவர்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுப்பது ஃபேமிலிட்ரீடிஎன்ஏ நிறுவனத்தின் எம்டிஃபுல் சீக்வன்ஸ். வேறொரு நிறுவனமான ஆன்செஸ்ட்ரிடிஎன்ஏ தாய்வழி ஹாப்லோகுரூப்பையே, அதாவது மனிதர்களின் தாய்வழி மரத்தில் நீங்கள் நிற்கும் கிளையையே, சொல்வதில்லை. 23அண்ட்மீ சொல்கிறது, ஆனால் சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்ப்பதால் பெரும்பாலும் மரத்தின் நடுக்கிளையோடு நின்றுவிடும். இந்த வேலைக்கு எம்டிஃபுல்தான் சரியான கருவி. இருந்தும் வாங்குகிற பலர் ஏமாந்துபோகிறார்கள். கையில் கேள்வி இல்லாமல் வாங்குவதுதான் காரணம்.

மைட்டோ மிக மெதுவாக மாறும். ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லாமல் பொருந்துகிறவருக்கும் உங்களுக்கும் பொதுவான பாட்டி ஐந்து தலைமுறைக்குள் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 22 தலைமுறை, சுமார் 550 ஆண்டு, பின்னால் போக வேண்டும். இது ஃபேமிலிட்ரீடிஎன்ஏவே சொல்லிவந்த கணக்கு. முன்பின் தெரியாத பத்துப் பேர் பட்டியலில் வந்து நின்றால் அதை வைத்துக் குடும்ப மரம் வரைய முடியாது. ஆனால் ‘இந்த இரண்டு பேரும் ஒரே தாய்வழியா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்பதை இவ்வளவு அடித்துச் சொல்லும் சோதனை வேறு கிடையாது.

கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மனைவி, பாட்டி யார் வயிற்றுப் பிள்ளை என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் மகள் வழியில் ஒருவர். மூத்தவளுக்குப் பிறந்தவள் என்று பத்திரத்திலேயே இருக்கும் வேறொரு மகளின் வழியில் ஒருவர். இரண்டு கிட். ஹாப்லோகுரூப்பே வேறு என்றால் பாட்டி மூத்தவளின் மகள் இல்லை, அவ்வளவுதான். ஒன்றாக வந்தால் அவசரப்படக் கூடாது. மனைவியர் இருவரும் அக்காள் தங்கையாக இருந்தாலும் இதே விடைதான் வரும். இளையவளின் வழியில் மூன்றாவது கிட் போட்டு, அது வேறாக வந்தால்தான் விஷயம் முடியும். 2012-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் கிடைத்த எலும்புக்கூடு அந்நாட்டு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையதுதானா என்று பார்த்ததும் இந்த வழியில்தான். அவருடைய அக்காள் ஆன் வழியில் வந்த இருவரைச் சோதித்தார்கள். ஒருவருக்கு முழுப் பொருத்தம், இன்னொருவருக்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம். மன்னர் இறந்ததோ 1485-ல், ஐந்து நூற்றாண்டுக்கு முன்.

யாரைச் சோதிப்பது என்பதில்தான் நிறையப் பணம் வீணாகிறது. நாம் தேடும் மூதாதைப் பெண்ணிலிருந்து குச்சியைத் தேய்ப்பவர் வரை இடையில் ஆண் வரக் கூடாது. கடைசி ஆள் மட்டும் ஆணாக இருக்கலாம். அப்பாவின் தாய்வழி வேண்டுமா? அப்பா, அவர் கூடப்பிறந்தவர்கள், அத்தையின் பிள்ளைகள். சித்தப்பா பிள்ளைகள் உதவமாட்டார்கள். அம்மாவின் அப்பாவுடைய தாய்வழிக்குத் தாய்மாமனைப் பிடிப்பது வழக்கமான தவறு. மாமனிடம் இருப்பது பாட்டியின் மைட்டோ. அங்கே தாத்தாவின் சகோதரிகளுடைய பிள்ளைகளை, அல்லது அந்தச் சகோதரிகளின் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளைத்தான் தேட வேண்டும்.

மாதிரி எடுப்பது சுலபம். ஒரு மணி நேரம் எதையும் சாப்பிடாமல், மெல்லாமல், புகைக்காமல் இருந்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கத்தை நிமிடம் ஒன்று அழுத்தித் தேய்க்க வேண்டும். பட்டும் படாமலும் தேய்த்தால் செல் போதாது. குச்சியைப் போடும் குழாயில் இருக்கும் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். மாதிரியைக் கெடாமல் வைப்பதே அதுதான். வாய் உலர்ந்த முதியவர்களுக்கு எச்சில் குழாயைவிடக் குச்சிதான் தோது. ஒரே நாளில் நாலைந்து பேருக்கு எடுத்தால் முதலில் பெயர் ஒட்டுங்கள், பிறகு தேயுங்கள். வயதானவர் என்றால் அவருக்குப் பின் கணக்கை யார் பார்ப்பது என்பதையும் அப்போதே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

அறிக்கையில், ஒப்பீட்டு வரிசையிலிருந்து நீங்கள் மாறும் இடங்களாக 309.1சி, 315.1சி, 16519 என்று பார்த்ததும் துள்ள வேண்டாம். சி எழுத்து வரிசையாக வரும் இடத்தில் ஒன்று கூடுவதும் குறைவதும் சகஜம். 16519 அடிக்கடி மாறும் இடம். ஹாப்லோகுரூப் மரம் கட்டுகிறவர்களே இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒய் என்றோ ஆர் என்றோ நின்றால், ஒரே உடம்பில் இரண்டு வகை கலந்திருக்கிறது என்று பொருள். பட்டியலில் தாயும் மகளும்கூட ஓர் எழுத்து விலகித் தெரிவது இதனால்தான். ரஷ்யாவின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலாஸின் எலும்பில் 16169-ஆம் இடத்தில் இப்படிச் சியும் டியும் கலந்திருந்ததால் சந்தேகம் கிளம்பியது. தம்பி ஜார்ஜின் எலும்பிலும் அதே கலப்பு தெரிந்த பிறகுதான் அடங்கியது.

பட்டியல் மூன்று எழுத்து வித்தியாசம் வரை காட்டும். பூஜ்யத்தைத் தவிர மற்றவர்களுக்குக் கடிதம் எழுதி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். குடும்பப் பெயரைப் பார்ப்பதும் வீண். ‘மிகப் பழைய தாய்வழி மூதாதை’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் சிலர் ஆண் பெயரை நிரப்பி வைத்திருப்பார்கள்! பொருந்தியவர் கிட்டத்து உறவா என்று அறிய இருவருக்கும், அப்பா அம்மா இருவழி டிஎன்ஏவையும் பார்க்கும் ஆட்டோசோமல் சோதனையும் தேவை. சோதித்தவர்களில் ஐரோப்பிய வேர் உள்ளவர்களே அதிகம் என்பதால், ‘எம்’ (M) என்ற ஹாப்லோகுரூப் கிளைக்காரர்களுக்குப் பட்டியல் காலியாக வரலாம். 2016-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத ஃபைலோட்ரீ என்ற பழைய ஹாப்லோகுரூப் மரத்துக்குப் பதிலாக 2025-ல் மைட்டோட்ரீ வந்ததில் கிளைகள் பல மடங்கு நுணுக்கமாகியிருப்பது பெரிய லாபம்.

உங்கள் எழுத்துகள் முழுதும் அடங்கிய ஃபாஸ்டா கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். பொதுத் தளத்தில் ஏற்றுமுன் மட்டும் யோசியுங்கள். 1555-ஆம் இடத்தில் ஏவுக்குப் பதில் ஜி இருந்தால், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளால் காது கேட்காமல் போகும் அபாயம் உண்டு. அதுவும் கோப்பில் தெரிந்துவிடும். சித்தி, பெரியம்மா, அக்காள் தங்கை எல்லாரிடமும் அநேகமாக அதே எழுத்துகள்தான். அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.