பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்3: அமெரிக்க டிவிடிகளோடு பல வருடம்

அமெரிக்காவில் வாங்கிய டிவிடி, இங்கிலாந்தில் வாங்கிய கேம் கன்சோலில் ஓடுமா? ஓட வைக்கலாம். எந்தக் கன்சோல் என்பதைப் பொறுத்து அது ஒரே ஒரு நாள் வேலையாக முடியும், படத்துக்குப் படம் செய்ய வேண்டிய சடங்காகும், அல்லது நடக்கவே நடக்காது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2), மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ், சோனியின் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) மூன்றையும் பல வருடம் இதற்காகவே பயன்படுத்தியிருக்கிறேன். இன்னும் பழைய டிஸ்க்குகளைத் தூக்கிப் போட மனசு வராதவர்களுக்கு இது பயன்படலாம்.

நான் இருப்பது லண்டன், ஈஸ்ட் ஹாம். அக்கா நியூஜெர்சியில். இங்கே தியேட்டருக்குப் படம் வருவதற்குள் அங்கே டிவிடியே வந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. விலையும் அங்கே குறைவு. அக்கா வரும்போதெல்லாம் பெட்டியில் ஒரு அடுக்கு டிவிடி இருக்கும். எல்லாம் ரீஜன் 1, அதாவது அந்த வட்டாரத்தில் விற்ற பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டப்பட்டவை.

தமிழ்ப் படம் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே தெரிந்திருக்காது. இங்குள்ள தமிழ்க் கடைகளில் விற்ற டிவிடிகள் பெரும்பாலும் எல்லா ரீஜனிலும் ஓடுபவை. லண்டனிலும் டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் ஒரே டிஸ்க்கை விற்க வேண்டும் என்றால் பூட்டுப் போட்டுக் கட்டுப்படியாகுமா? ஹாலிவுட் கம்பெனிகளுக்குத்தான் உலகத்தைக் கூறு போடும் அவசியம் இருந்தது. அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் 4, இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் 5, சீனா 6. விமானம், கப்பலுக்குக்கூட 8 என்று ஒரு எண் உண்டு.

இந்தப் பங்கீட்டில் ஒரு வேடிக்கை, ஜப்பானும் நாங்களும் ஒரே எண். ஜப்பானில் அச்சான அனிமே டிவிடி எந்தத் தகிடுதத்தமும் இல்லாமல் லண்டன் பிஎஸ்2வில் ஓடும். ஆங்கில சப்டைட்டில் இருக்காது, அது வேறு கதை.

பிஎஸ்2 இங்கே 2000 நவம்பரில் வந்தது. பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் முதல் டிவிடி பிளேயர் அதுதான். அக்கா கொடுத்த டிஸ்க்கை உள்ளே போட்டால் ரீஜன் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். இதற்கு அப்போது இரண்டு வழி. ஒன்று, கன்சோலைப் பிரித்து, பூட்டை ஏமாற்றும் சிப் ஒன்றை வைத்து சால்டர் செய்வது. எனக்கு அதில் ஆசை இல்லை. 2004இல் பிஎஸ்2 சிப் விற்ற ஒருவர் மீது சோனி தொடுத்த வழக்கில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சோனி பக்கம் தீர்ப்புச் சொன்னதும், கடைகளில் அந்தப் பேச்சே அடங்கிப்போனது. அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் பிளேஸ்டேஷன் சிப் வழக்கு ஒன்றில் நேர்மாறாகச் சொன்னது. வெளிநாட்டில் நியாயமாக வாங்கிய டிஸ்க்கையும் சேர்த்துத் தடுக்கும் பூட்டு அது என்ற வாதம் அங்கே எடுபட்டது. எனக்கு அந்த வாதம்தான் சரி என்று படுகிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்.

இரண்டாவது வழி பூட் டிஸ்க். கன்சோலைத் திறக்க வேண்டாம். முதலில் அந்த டிஸ்க்கைப் போட்டு ஆன் செய்ய வேண்டும், ஒரு மெனு வரும், அதில் ரீஜனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு தட்டை வெளியே எடுத்துப் படத்தின் டிஸ்க்கை வைக்க வேண்டும். ஒரு புது கேமின் விலையில் பாதிகூட இல்லை. சில வருடம் இதில்தான் வண்டி ஓடியது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லா ரீஜனும் என்று பொதுவாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு அது போதும். ஆனால் 2000ஆம் ஆண்டிலிருந்து சில ஸ்டூடியோக்கள் ஆர்சிஇ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். டிஸ்க்கில் இருக்கும் நிரலே பிளேயரைப் பார்த்து, உன் ரீஜன் என்ன என்று கேட்கும். 1 என்று பதில் வராவிட்டால் ஒரு உலக வரைபடத்தைக் காட்டி, இது உங்கள் வட்டாரத்துக்கு இல்லை என்று நின்றுவிடும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். மெனுவில் பொதுவாக விடாமல் 1 என்று குறிப்பாக வைத்தால் படம் ஓடிவிடும். அமெரிக்க டிஸ்க்குகளுக்கு எப்போதும் 1 என்றே வைத்துப் பழகுவது நல்லது.

பூட் டிஸ்க்கின் குறை என்ன என்றால், எதுவும் நினைவில் நிற்காது. கன்சோலை அணைத்தால் பழையபடி ரீஜன் 2. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு டிஸ்க் மாற்ற வேண்டும். விருந்தாளிகள் சோபாவில் உட்கார்ந்திருக்க, தட்டு உள்ளே போய் வெளியே வந்து கொண்டிருக்கும். எப்போதாவது ஒரு படம் என்றால் சரி, வாரம் இரண்டு படம் என்றால் அலுத்துவிடும். அப்புறம் ரிமோட். ஆரம்ப மாடல்களில் சிவப்புக்கதிரை வாங்கிக்கொள்ள ஒரு சின்னக் கட்டையைக் கன்ட்ரோலர் சொருகும் இடத்தில் மாட்ட வேண்டும். 50000 என்ற மாடல் எண் வரிசையிலிருந்துதான் அது கன்சோலுக்குள்ளேயே வந்தது. பழைய மாடல் வைத்திருந்து வீட்டில் பெரியவர்களும் படம் பார்ப்பார்கள் என்றால் ரிமோட் வாங்கிவிடுங்கள். கன்ட்ரோலரில் சப்டைட்டில் மாற்றச் சொன்னால் அம்மா படமே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்.

ரீஜன் பூட்டைத் தாண்டினால் அடுத்து டிவி நிற்கும். இது ரீஜனோடு சேர்ந்த விஷயம் இல்லை, ஆனால் எல்லாரும் சேர்த்தே குழப்பிக்கொள்கிறார்கள். படம் பதியும் முறை இரண்டு. அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி, 480 வரி, 60 ஹெர்ட்ஸ். இங்கிலாந்து டிஸ்க் பிஏஎல், 576 வரி, 50 ஹெர்ட்ஸ். என்டிஎஸ்சி தாங்காத பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது மேலும் கீழும் உருளும். அதைப் பார்த்து பூட் டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தன் வேலையை முடித்துவிட்டது. 2000க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்ற டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும்.

இத்தனை பாடுபட்டு எதற்கு அமெரிக்க டிஸ்க், இங்கேயே பொறுமையாக வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்வேன். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பிஏஎல் டிஸ்க்கில் அதை 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 2 மணி நேரப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சியில் அது தெரியாது. காதில் தெரியும். சுருதியைத் தனியாகச் சரிசெய்யாத டிஸ்க்கில் குரலும் இசையும் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறி ஒலிக்கும். கொஞ்சம் பாட்டுக் கேட்ட காதுக்கு, பழகிய பாட்டு ஒன்று படத்தில் வரும்போது ஏதோ அவசரத்தில் பாடியதுபோல இருக்கும். என்டிஎஸ்சி டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசாகத் தட்டித் தட்டிப் போகும், வரிகளும் குறைவு. எனக்குச் சுருதிதான் முக்கியம். படத்தின் கூர்மை முக்கியம் என்பவர்கள் பிஏஎல் பக்கம் நிற்பார்கள், அதில் தப்பில்லை.

இனி எக்ஸ்பாக்ஸ். இங்கே 2002 மார்ச்சில் வந்த முதல் மாடலைச் சொல்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்தபடி அதில் எந்த ரீஜன் டிவிடியும் ஓடாது, உள்ளூர் டிவிடிகூட. தனியாக ரிமோட்டும், கன்ட்ரோலர் சொருகும் இடத்தில் மாட்டும் டாங்கில் என்ற சின்னக் கட்டையும் வாங்க வேண்டும். டிவிடி மென்பொருளே அந்த டாங்கிலுக்குள்தான் இருக்கிறது. டிவிடி உரிமத்துக்கான செலவைப் படம் பார்ப்பவன் மட்டும் ஏற்கட்டும் என்ற கணக்கு.

ஆனால் சால்டர் இல்லாமல், ஒரு கேமின் சேவ் ஃபைல் வழியாகவே எக்ஸ்பாக்ஸை வெளி மென்பொருளும் ஓடும்படி மாற்றியமைத்துவிடலாம். மாற்றிய பிறகு எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். எக்ஸ்பிஎம்சி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதுதான் பின்னாளில், 2014இல், கோடி என்று பெயர் மாறியது. இன்று டிவி பெட்டிகளில் அதைப் பயன்படுத்தும் பலருக்கு அது ஒரு கேம் கன்சோலுக்காகப் பிறந்தது என்பதே தெரியாது. எக்ஸ்பிஎம்சி ரீஜன் எண்ணைச் சட்டை செய்வதே இல்லை. 1, 2, 3, 5 எதைப் போட்டாலும் மெனு வந்துவிடும். டாங்கிலும் வேண்டாம், கன்ட்ரோலரே போதும். 733 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 64 எம்பி நினைவகமும் டிவிடிக்குத் தாராளம்.

பூட் டிஸ்க் சடங்குக்குப் பிறகு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. மாற்றியமைக்கும் வேலைக்கு ஒரு முழு மாலையும் நல்ல பொறுமையும் வேண்டும். அதற்கப்புறம் எந்த டிஸ்க்கையும் யோசிக்காமல் போடலாம். குறை என்றால் மின்விசிறிச் சத்தம். வசனம் மெதுவாக வரும் படங்களில் அது கூடவே கேட்கும்.

இன்றைக்கும் யாராவது பரணில் இந்த எக்ஸ்பாக்ஸை வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. 1.6 பதிப்புக்கு முந்தைய மதர்போர்டுகளில் கடிகாரத்துக்காக வைத்த கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேமிக்கும் சின்ன உறுப்பு, வருடக்கணக்கில் கசிந்து பக்கத்திலுள்ள மின் தடங்களை அரித்துவிடும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் கசியும். திறந்து அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் கன்சோல் வழக்கம்போல ஓடும், மின் இணைப்பை எடுக்கும்போது தேதி மட்டும் மறந்துபோகும். என்னுடையதில் கசிவதற்கு முன்பே எடுத்துவிட்டேன்.

பிஎஸ்3யைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2007 மார்ச்சில் 425 பவுண்டுக்கு வந்தது. கேம்களுக்குக் கிட்டத்தட்ட ரீஜன் பூட்டே கிடையாது, டிவிடிக்கும் புளூரேக்கும் மட்டும் உண்டு. உள்ளூர் டிவிடியை எச்டி டிவிக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் காட்டுவதில் நான் பார்த்தவற்றில் இதுதான் சிறந்தது. 1.80 மென்பொருளில் அந்த வசதி வந்தபோது பழைய டிஸ்க்குகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆனால் அக்காவின் டிஸ்க்குகளுக்குக் கதவு சாத்தியது சாத்தியதுதான், பிஎஸ்2வின் பூட் டிஸ்க் தந்திரம் இங்கே செல்லாது. அமெரிக்க பிஎஸ்3யில் நிலைமை இன்னும் மோசம். ரீஜன் பூட்டே இல்லாத கச்சேரி டிவிடி ஒன்றை இங்கிருந்து அக்காவுக்கு அனுப்பினேன். அவளுடைய கன்சோல் அதை ஏற்கவில்லை, காரணம் டிஸ்க் பிஏஎல். இங்கே வாங்கிய கன்சோல் என்டிஎஸ்சியை ஏற்கும், அங்கே வாங்கியது பிஏஎல்லை ஏற்காது. அமெரிக்க உறவுக்கு டிவிடி பரிசளிக்கும் எண்ணம் இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை, இதற்காகக் கன்சோல் வாங்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த மலிவான டிவிடி பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் ரீஜன் பூட்டு திறந்துவிடும். பழையதாக இன்றும் கிடைக்கின்றன. வாங்கும் முன் அந்த மாடலுக்கு அப்படி ஒரு ரகசிய எண் உண்டா, ரீஜனைக் குறிப்பாக 1 என்று வைக்க முடியுமா என்று பாருங்கள். 0, அதாவது எல்லா ரீஜனும் என்று மட்டும்தான் வைக்க முடியும் என்றால் ஆர்சிஇ டிஸ்க்குகள் அதே வரைபடத்தைக் காட்டலாம். கம்ப்யூட்டர் டிரைவை நம்பினால், ரீஜனை 5 தடவைதான் மாற்றலாம், கடைசியாக வைத்ததில் அது உறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே பிஎஸ்2 வைத்திருந்து மாதம் ஒரு அமெரிக்கப் படம் பார்ப்பவருக்கு பூட் டிஸ்க் போதும். மாற்றியமைத்த எக்ஸ்பாக்ஸ் யாராவது விலைக்குக் கொடுத்தால் முதலில் மூடியைக் கழற்றி அந்தக் கெப்பாசிட்டரைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.