ஹார்டுவேர் கோர்ஸில் சேருமுன் பரீட்சை நம்பரைக் கேளுங்கள்: நான் ஏமாந்த கதை

நேர்காணலுக்குப் போன இடத்தில், மேஜைமேல் ஒரு கேபினெட்டைப் பக்கவாட்டு மூடி கழற்றி வைத்திருந்தார்கள். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ‘என்னன்னு பாருங்க’ என்றார் அங்கிருந்தவர். நான் பட்டனை அழுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு நிமிடம் போயிருக்கும். ‘என்ன தம்பி, எதுக்குக் காத்திருக்கீங்க?’

‘பீப் சத்தத்துக்கு சார்.’

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேனா முனையால் மதர்போர்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே கடுகளவில் நான்கு விளக்குகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்து. டிரேம் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. கோளாறு ராம் பக்கம் என்று அந்த போர்டே சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய போர்டுகள்போல் கோளாறை பீப் சத்தத்தால் சொல்ல அதில் ஸ்பீக்கரே கிடையாது. ஒரு நீண்ட பீப், இரண்டு குறுகிய பீப் என்றால் என்ன என்று ஒரு பக்கம் முழுக்க மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன் நான்.

சரி, ராமைக் கழற்றித் திரும்பப் போடலாம் என்று கையை நீட்டினேன். ‘பவர் கேபிளை எடுத்துட்டீங்களா?’ எடுக்கவில்லை. எடுத்தேன். ராமைக் கழற்றிப் போடும்போது பார்த்தால், ஸ்லாட்டின் ஒரு முனையில்தான் லாக் இருக்கிறது, மறுமுனை அசையாத பிளாஸ்டிக். நான் படத்தில் பார்த்ததெல்லாம் இரண்டு முனையிலும் லாக் உள்ள ஸ்லாட். ‘சார், இதுல ஒரு லாக் உடைஞ்சிருக்கு’ என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. தானே ராமை எடுத்து, அசையாத முனையை முதலில் பொருத்தி, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். ‘டக்’ என்று லாக் தானாக மேலே ஏறியது. திரையில் படம் வந்தது.

கடைசியாக என் பயோடேட்டாவைப் பார்த்தார். ‘ஏ பிளஸ்னு போட்டிருக்கீங்களே, சரிபார்ப்பு கோடு எங்கே?’

என்னிடம் இருந்த சான்றிதழில் தங்க நிற ஸ்டிக்கர் இருந்தது, இரண்டு கையெழுத்து இருந்தது, பூகோள உருண்டைப் படம்கூட இருந்தது. கோடு, அதாவது சரிபார்க்கும் குறியீடு, மட்டும் இல்லை. ஏ பிளஸ் சான்றிதழைக் கொடுப்பது காம்ப்டியா என்ற அமைப்பு; அவர்களுடைய உண்மையான சான்றிதழில் ஒரு கோடு இருக்கும், அதை அவர்களுடைய தளத்தில் போட்டால் சான்றிதழ் அசலா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பல மாதம் படித்து, கட்டணம் முழுவதும் கட்டி, கையில் வாங்கி வந்தது அந்த நிறுவனம் தானே அச்சடித்த ஒரு தாள்.

பெயரை எழுதப் போவதில்லை. இதே ஆட்டத்தை ஆடுகிறவர்கள் நிறைய பேர். ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

விளம்பரத்தில் ‘ஏ பிளஸ்’, ‘சர்வதேசச் சான்றிதழ்’ என்ற இரண்டும் பெரிய எழுத்தில் இருந்தன. சேரும்போது கவுன்டரில் இருந்தவரிடம் கேட்கவும் செய்தேன். ‘எக்ஸாம் ஃபீஸும் இதுலயே அடக்கம் தம்பி, தனியா எதுவும் கட்ட வேண்டாம்’ என்றார். எந்தப் பரீட்சை, அதன் நம்பர் என்ன, எங்கே எழுத வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏ பிளஸ் என்பது காம்ப்டியா நடத்தும் பரீட்சை. பயிற்சி எங்கே படித்தாலும் சரி, படிக்காமலே போனாலும் சரி, பரீட்சையை அவர்கள் வழியாகத்தான் எழுத வேண்டும். கோர் 1, கோர் 2 என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். மதிப்பெண் 100 முதல் 900 வரை. கோர் 1 தேற 675, கோர் 2 தேற 700 வேண்டும். இரண்டும் தேறினால்தான் சான்றிதழ், அதுவும் 3 ஆண்டுகளுக்குத்தான். எழுதும் இடம் பியர்சன் வ்யூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையம், அல்லது வீட்டில் கேமரா முன்னால் உட்கார்ந்து, அடையாள அட்டையைக் காட்டி, அறையைச் சுற்றிக் காட்டி.

எங்களுக்கு நடந்தது இப்படி. ஒரு நாள் மதியம் வகுப்பிலேயே ‘ஃபைனல் எக்ஸாம்’ என்றார்கள். 50 கேள்வி. பயிற்சியாளர் நடுவில் நடந்துகொண்டே, ‘பதினேழாவது கேள்வியை நல்லா யோசிங்கப்பா, பி இல்ல’ என்றார். எல்லோரும் பாஸ். நாங்கள் கைதட்டிக்கொண்டோம். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

பரீட்சைக் கட்டணம் அடக்கம் என்று யாராவது சொன்னால் அதற்குச் சாட்சி வவுச்சர். அது ஒரு கோடு. அதை வைத்து நீங்களே உங்கள் பெயரில் தேதி, இடம் எல்லாம் பதிவு செய்யலாம். அந்தக் கோடு எப்போது கைக்கு வரும், எந்தத் தேதிவரை செல்லும் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது நோட்ஸ். நல்ல பளபளப்பான அட்டை, நான் சேர்ந்த ஆண்டே அதில் போட்டிருந்தது. உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மங்கலாக 220-902 என்று ஒரு நம்பர். ஏதோ அச்சக நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் பரீட்சை நம்பர்! 220-901, 220-902 இரண்டும் 2019 ஜூலையிலேயே நிறுத்தப்பட்டவை. அதற்கப்புறம் 1001 வரிசை வந்து போனது, 1101 வரிசை வந்து 2025 செப்டம்பரோடு முடிந்தது. இப்போது உள்ளவை 2025 மார்ச்சில் வந்த 220-1201, 220-1202. ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். கோர் 1 பழைய வரிசையிலும் கோர் 2 புதிய வரிசையிலும் எழுதி இரண்டையும் சேர்த்துக் காட்டவும் முடியாது. ஒரே வரிசையாக இருக்க வேண்டும்.

அந்த நோட்ஸில் விண்டோஸ் 8இன் சார்ம்ஸ் பார் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. வலது ஓரத்திலிருந்து வருமே, அதுதான். விண்டோஸ் 10 வந்தபோதே அது போய்விட்டது. நான் அதன் ஐந்து பட்டன்களையும் வரிசையாகச் சொல்வேன். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி என்றால் என்ன, அதை யுஇஎஃப்ஐ அமைப்பில் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் போர்டின் செட்டிங்ஸில்) எங்கே தேடுவது என்று கேட்டால் முழிப்பேன். ராம் பாடம் டிடிஆர்3 என்ற பழைய தலைமுறையோடு நின்றுவிட்டது. இப்போதைய எஸ்எஸ்டிகளை போர்டிலேயே செருகும் எம்.2 ஸ்லாட் என்ற சொல்லே கிடையாது. அதற்குப் பதிலாக ஐடிஇ என்ற பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரை எப்படி மாற்றுவது என்று ஒரு வாரம்.

பழையதைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. வேலைக்குப் போகும் இடத்தில் பத்து வருட மெஷின்கூட இருக்கத்தான் செய்யும். ஆனால் பழையது மட்டுமே பாடமாக இருந்தால் அது சரித்திர வகுப்பு.

‘நூறு சதவீதம் பிராக்டிகல்’ என்ற வாக்குறுதிக்கு வருவோம். மொத்த வகுப்புக்கும் ஒரு கேபினெட். அது ஆன் ஆகாது, போர்டு போனது. பயிற்சியாளர் அதைத் திறந்து, ‘இது ப்ராசஸர், இது ராம், இது எஸ்எம்பிஎஸ்’ (பவர் சப்ளை) என்று தொட்டுக் காட்டிவிட்டு மூடிவிடுவார். நாங்கள் பின்னால் எட்டி எட்டிப் பார்ப்போம். ஒரு முறை நான் ப்ராசஸரை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ‘பின் வளைஞ்சா யார் பொறுப்பு?’ என்றார். செத்துப்போன போர்டில் பின் வளைந்தால் என்ன என்று அப்போது கேட்கவில்லை. உண்மையில் பின் வளைவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது? எல்ஜிஏ வகையில் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும், பிஜிஏ வகையில் ப்ராசஸரின் அடியில் இருக்கும். ப்ராசஸர் நிறுவனமான ஏஎம்டி தன் ஏஎம்4 சாக்கெட் வரை பின்னை ப்ராசஸரில் வைத்திருந்துவிட்டு ஏஎம்5இல் சாக்கெட்டுக்கு மாற்றியது. எதை எங்கே பிடிக்கக் கூடாது என்பது இதை ஒருமுறை கையில் எடுத்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்ஸ்டால் செய்வதை வீடியோவில் பார்த்தோம். நாங்கள் யாரும் ஒருமுறைகூடச் செய்யவில்லை. இதற்குச் சாக்கே கிடையாது, ஏனென்றால் விர்ச்சுவல் பாக்ஸ் இலவசம். ஓரளவு ராம் உள்ள எந்த மெஷினிலும் அதற்குள் இன்னொரு மெஷினை உருவாக்கி, விண்டோஸோ லினக்ஸோ போட்டுப் பார்க்கலாம். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் என்ன உடைத்தாலும் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்கு வந்துவிடும். டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கமாண்ட் கருவியில் ‘கிளீன்’ என்று அடித்தால் ‘உறுதிதானா’ என்றுகூடக் கேட்காமல் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்பதை நான் பிற்பாடு அப்படித்தான் கற்றேன். அடித்த வேகத்தில் முடிந்துவிட்டது. நிஜ டிஸ்க்காக இருந்திருந்தால்? அன்றிலிருந்து ‘செலக்ட் டிஸ்க்’ அடித்ததும் ‘லிஸ்ட் டிஸ்க்’ இன்னொரு முறை அடித்து, நட்சத்திரக் குறி எந்த டிஸ்க்குக்கு முன்னால் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

இப்போது பணம் திரும்பக் கேட்ட கதை. நேர்காணல் முடிந்த மறுநாள் போனேன். கவுன்டரில் இருந்தவர் கொஞ்சமும் அசரவில்லை. விளம்பரத் தாளை எடுத்து விரித்து, ஏ பிளஸ் என்பதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் இருந்த வரியைக் காட்டினார்: ‘அடிப்படையிலான பயிற்சி’. சர்வதேசச் சான்றிதழ் என்றீர்களே என்றதற்கு, ‘எங்க சர்டிஃபிகேட் எல்லா நாட்டுலயும் காட்டலாம் தம்பி’ என்றார். காட்டலாம்தான். பரீட்சைக் கட்டணம் அடக்கம் என்று வாயால் சொன்னது ரசீதில் இல்லை. என் பேச்சு அங்கே முடிந்தது.

சமாதானத்துக்கு ஒரு ‘உதவி’ செய்தார். பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் கொடுத்து, ‘நிஜ எக்ஸாமையே எழுதணும்னா இதை மனப்பாடம் பண்ணிடுங்க, அப்படியே வரும்’ என்றார். டம்ப் என்பார்கள் இதை. முதல் சில பக்கங்களிலேயே, ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஒரு ஃபைல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்விக்கு 2 டிபி என்று விடை போட்டிருந்தது. சரியான விடை 4 ஜிபி, அதிலும் ஒரு பைட் குறைவு. தப்பான விடையை மனப்பாடம் செய்வது ஒரு பக்கம். டம்ப் பயன்படுத்தியது தெரியவந்தால் வாங்கிய சான்றிதழையே காம்ப்டியா ரத்து செய்யலாம், இனி எழுதவிடாமல் தடுக்கலாம். பரீட்சை எழுதுமுன் நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளிலேயே அது இருக்கிறது. தவிர, செய்துகாட்ட வேண்டிய கேள்விகள் சில வரும். திரையில் ஒரு சூழலைக் கொடுத்து இதை இழுத்து அங்கே பொருத்து, இந்த அமைப்பைச் சரிசெய் என்பார்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

எனக்கு அதிகம் வலிப்பது கட்டணம் அல்ல. பரீட்சைக்கு என்னென்ன பாடம் என்ற முழுப் பட்டியலையும் காம்ப்டியா தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ‘எக்ஸாம் அப்ஜெக்டிவ்ஸ்’ என்று பெயர். சேருமுன் அதை இறக்கி, அந்த நோட்ஸின் பொருளடக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. 1201இல் கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கு மட்டும் 28 சதவீதம். 1202இல் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு 28, பாதுகாப்புக்கும் அதே 28. எங்கள் கோர்ஸில் பாதுகாப்பு என்பது ‘நல்ல ஆன்டிவைரஸ் போடவும்’ என்ற ஒரு வரி. கோளாறு கண்டுபிடிப்பதற்கு அந்த பீப் அட்டவணை.

நீங்கள் சேரப்போகிற இடம் நல்லதா என்று தெரிய, அப்ஜெக்டிவ்ஸ் தாளோடு நேரில் போய் ஏதாவது ஒரு வரியைக் காட்டி, ‘இதை எந்த வாரம், எந்த மெஷினில் நடத்துவீங்க?’ என்று கேளுங்கள். நடத்துகிறவர்கள் உங்களை லேபுக்குக் கூட்டிப்போவார்கள். மற்றவர்கள் விளம்பரத் தாளை எடுப்பார்கள்.

நான் அந்த அப்ஜெக்டிவ்ஸ் தாளை வைத்துக்கொண்டு, யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய, ஆனால் ஆன் ஆகும் ஒரு மெஷினை வாங்கி, கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் படித்தேன். 24 பின் கேபிளை மாட்டிவிட்டு ப்ராசஸருக்கான 8 பின்னை மறந்து, ஒரு மாலை முழுக்க ‘ஏன் திரை வரவில்லை’ என்று மண்டையை உடைத்துக்கொண்டதும் உண்டு. 1201 தேறிவிட்டேன். 1202க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தேறிய செய்தியை நண்பர்களுக்குச் சொன்னது எப்படியோ அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. ‘வாழ்த்துகள் தம்பி, எங்க மாணவர்னு விளம்பரத்துல போட ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று மெசேஜ் வந்தது. நான் போட்டோ அனுப்பவில்லை. 220-902 என்று மட்டும் பதில் போட்டேன்.

சிறிது நேரம் கழித்து இன்னொரு மெசேஜ்: ‘இது என்ன நம்பர் தம்பி?’