டிராக் டேக்குத் தயார் செய்யச் சொல்லி காரைக் கொடுத்தேன், பிரேக் ஆயிலைக்கூட மாற்றவில்லை

லேசான பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, கையைக் கடிக்காத செலவில் தயார் செய்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில், சொந்தக் காரை ஓட்ட விடும் டிராக் டே அன்று ஓட்டிவிட்டு வரலாம் என்று நினைக்கும் ஆட்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். 2024-இல் அதற்காக ஒரு வொர்க்‌ஷாப்பில் 2,900 வெள்ளி கொடுத்தேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நேர்பாதையின் கடைசியில் பிரேக் பெடல் தரையைத் தொட்டபோது என் பக்கத்து சீட்டில் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு 22 வயது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

கடையின் பெயரைக் கேட்க வேண்டாம். பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கியபோது, பெயரை வெளியில் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்லத் தடை இல்லை.

கார் 2002-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர், மேனுவல் கியர். எடை ஒரு டன்னுக்குச் சற்றுதான் மேல். சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், இரண்டாவது முறை புதுப்பிக்கப்பட்ட வண்டி, இந்த முறை ஐந்தாண்டுக்கு மட்டும். 2027-இல் ஸ்கிராப்புக்குப் போயாக வேண்டும். 14 வயது தாண்டியதால் சாலை வரி ஒன்றரை மடங்கு. ஆண்டுதோறும் பரிசோதனை வேறு. இவ்வளவு கட்டிய பிறகு கையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதனால்தான் எல்லோரும் சொல்கிற வழியில் போனேன். எஞ்சினைத் தொட வேண்டாம், குதிரைச் சக்தியை ஏற்ற வேண்டாம். பிரேக், டயர், எஞ்சினைக் குளிரவைக்கும் பாகங்கள் இந்த மூன்றையும் சரியாக வைத்தால் எடை குறைந்த கார் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும். இந்த அறிவுரை சரியானது, இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த மூன்றிலும் செய்த வேலை வெளியே தெரியாது. பெரிய ஸ்பாய்லர் மாட்டினால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் ஆயில் மாற்றியதை யார் திறந்து பார்ப்பார்கள்?

நம் ஊரில் பொதுமக்கள் ஓட்ட நிரந்தரமான பந்தயத் தடம் கிடையாது. மரீனா பேயில் 2008-இல் தொடங்கிய ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு, அந்த வாரத்துக்காக மட்டும் சாலைகளை மூடித் தடம் போடுகிறார்கள். சாங்கியில் ஒன்று கட்டப் போகிறார்கள் என்றார்கள், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி செப்பாங்குக்குப் போகிறோம். அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நமக்கு ஜாக்கி போட்டுக் கார் அடியில் படுத்து வேலை செய்யவும் இடம் இல்லை. சின் மிங், காக்கி புக்கிட், ஊபி என்று ஏதோ ஒரு பட்டறைக்காரரை நம்பித்தான் ஆக வேண்டும்.

நான் நம்பியவர் தமிழர். சுவர் முழுக்கப் பந்தயப் படங்கள். "தம்பி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, டிராக் பேக்கேஜ் ஒண்ணு போட்டுத் தர்றேன், வண்டிய எடுத்துட்டு நேரா செப்பாங் போங்க" என்றார். அந்தப் பேக்கேஜில் ஆறு வேலைகள்: நான்கு சக்கரத்துக்கும் டிராக் பிரேக் பேட், ரேசிங் பிரேக் ஆயில், புது ரேடியேட்டர், தடத்தில் நன்றாகப் பிடிக்கிற செமி-ஸ்லிக் டயர் நான்கு, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட், எஞ்சின் ஆயில். பில்லில் எழுதியிருந்தது "டிராக் பேக்கேஜ், 2,900" என்ற ஒரே வரி. நானும் கேட்கவில்லை. தமிழில் பேசுகிறார், அண்ணே என்று கூப்பிடுகிறோம், பிரித்து எழுதித் தாருங்கள் என்று கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

இதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கார் பரிசோதனையில் பாஸ் ஆகியிருந்தது. அதுவும் எனக்குத் தெம்பு கொடுத்தது. உருளைமேல் சக்கரத்தை ஏற்றி பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கும்போது பிரேக் குளிர்ந்த நிலையில் இருக்கிறது. நகருக்குள் ஓட்ட அது போதும். இருபது நிமிடம் விடாமல் சூடேறிய பிரேக் என்ன செய்யும் என்று அந்தச் சோதனை சொல்லாது.

செப்பாங் தடம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதில் இரண்டு நீண்ட நேர்பாதைகள், இரண்டின் முடிவிலும் கார் நிற்கிற அளவுக்கு பிரேக் பிடிக்க வேண்டிய கொண்டையூசி வளைவு. முதல் செஷன் நன்றாகப் போனது. இரண்டாவது செஷனில் நான்காவது சுற்றில் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருப்பதுபோல் காலுக்குத் தெரிந்தது. அப்போதே வேகத்தைக் குறைத்து, தடத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அடுத்த சுற்றில் 15-ஆம் வளைவுக்கு முன்னால் 170-ஐத் தொட்டுவிட்டு மிதித்தேன். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போய்விட்டது. தண்ணீர்ப் பையை மிதித்ததுபோல. மறுபடி மறுபடி மிதித்தேன், நான்காவதிலிருந்து மூன்றாவது, இரண்டாவது கியருக்கு இறக்கினேன். வளைவை விட்டு வெளியே, தடத்தைத் தாண்டிப் போய்த்தான் கார் நின்றது. எதன்மீதும் மோதவில்லை. முன்னால் வேறு கார் இல்லை. அது தற்செயல், வேறொன்றும் இல்லை.

பிட்டில் பக்கத்துக் குழுவின் மெக்கானிக் ஒருவர், கிள்ளான்காரர், ஓடி வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "பெடல் உள்ள போச்சா, இல்ல கல்லு மாதிரி நின்னுச்சா?" இந்தக் கேள்வியை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கெட்டியாக நின்று கார் மட்டும் நிற்காமல் போனால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். பெடல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. நீராவியும் காற்றும் அமுங்கும், ஆயில் அமுங்காது. உள்ளே ஆவி சேர்ந்துவிட்டால் நாம் மிதிக்கிற விசை, பேடை அழுத்திப் பிடிக்கும் காலிபருக்குப் போய்ச் சேராமல் அந்த ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். ஆயிலை வெளியேற்றும் சின்ன நிப்பிளைச் சுற்றித் துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. ரப்பர் மூடியில் ஆண்டுக்கணக்கான தூசி. திறந்தபோது வந்த ஆயில் பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 தரத்து பிரேக் ஆயில் என்றால் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். ரேசிங் ஆயில் வகைகளில் புதிதாக இருக்கும்போது 300-ஐத் தாண்டுபவை இருக்கின்றன. எனக்குச் சொன்னது அந்த வகை. உள்ளே இருந்தது முந்தைய ஓனர் காலத்து ஆயில். நம் ஊர் ஈரப்பதத்தில் அது எத்தனை ஆண்டு கிடந்ததோ.

அப்புறம் பேடைக் கழற்றினார். பின்தகடு புதிதாகக் கறுப்பாக மின்னியது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் பெயின்டுக்கு அடியில் பழைய துரு. யாரோ பயன்படுத்தித் தூக்கிப்போட்ட பேடைத் தேய்த்து, பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். பிரேக்குக்கு. இதைச் செய்த கையும் ஒரு மெக்கானிக்கின் கைதானே என்று எனக்கு ஆறவே இல்லை. கிள்ளான் அண்ணன் தன்னிடமிருந்த ஆயிலை ஊற்றி, காற்றெடுத்து, வீடு திரும்பும் அளவுக்குச் சரி செய்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் போகாமல் துவாஸ் வழியாக வந்து சேர்ந்தோம். வழி முழுக்கத் தம்பி ஒன்றும் பேசவில்லை.

சிங்கப்பூர் வந்ததும் மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்தக் காரின் ரேடியேட்டரில் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு, வயதாக ஆகப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும், அப்புறம் விரிசல் விடும். என்னுடையது பளிச்சென்று கறுப்பாக இருந்தது, அதைப் பார்த்துத்தான் புதுசு என்று நம்பினேன். சாவியால் ஓரத்தில் கீறினேன். உள்ளே பழுப்பு. இதுவும் அதே ஸ்ப்ரே பெயின்ட் வேலை. இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமுள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது மேலே ஏறுவதைப் பார்க்கும் நேரத்தில் எஞ்சின் ஏற்கெனவே அளவுக்கு மேல் சூடாகியிருக்கும். உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் அந்தத் தொட்டி வெடித்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

டயர் பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். என் டயரில் 1516, அதாவது 2016-இன் 15-ஆவது வாரம். கோடுகள் ஆழமாக இருந்தன, ஓடாத டயர்தான், ஆனால் எட்டு வயது. ரப்பர் இறுகிப்போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே வரும்படி நான்கையும் மாட்டியிருந்தார்கள். அலைன்மென்ட் தாளில் முன்சக்கர கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், இரண்டு பக்கமும் மைனஸ் 2.0 என்று அழகாக அச்சாகியிருந்தது. வேறு இடத்தில் அளந்தால் இடது மைனஸ் 0.8, வலது மைனஸ் 1.6. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் என் வண்டி எண்ணே இல்லை, யாருடைய காருக்கோ அடித்த தாள். ஆறு வேலையில் எஞ்சின் ஆயில் மட்டும் உண்மையாக மாற்றியிருந்தார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "டிராக்ல ஓட்டுனா எல்லாம் தேயும் தம்பி, அதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது" என்றார். நிப்பிளின் படத்தைக் காட்டினேன். அது யாருடைய காரோ என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்துவிட்டு, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் இணையம் வழியாகப் பதிந்தேன். 20,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் கூடாது, இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டியது 10 வெள்ளிதான். பலர் இதற்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். எனக்குச் சிக்கல் கொடுத்தது அந்த ஒரு வரி பில்தான். "டிராக் பேக்கேஜ்" என்றால் என்னென்ன என்று காகிதத்தில் எங்கேயும் இல்லை. என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். வேலைக்கு முன்பு "என்னெல்லாம் பண்ணுவீங்க அண்ணே" என்று நான் கேட்டதற்கு ஆறையும் அவரே டைப் செய்து அனுப்பியிருந்தார். அதோடு கிள்ளான் அண்ணன் எடுத்த படங்கள், இரண்டாவது அலைன்மென்ட் தாள், டயர் எண்ணின் படம். விசாரணைக்குப் போகும் முன் பதிவாளர் முன்னிலையில் நடந்த கன்சல்டேஷனிலேயே 1,700 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டார். முழுத் தொகைக்கு இழுத்திருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது.

இப்போது வேறொரு பட்டறைக்குப் போகிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனி விலை எழுதி வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். பிரேக் ஆயிலையும் பேடையும் நானே வாங்கிக்கொண்டு போகிறேன். இந்தக் காருக்கு அரை லிட்டர் பாட்டில் இரண்டு போதும். பாட்டிலின் சீலை என் கண்ணெதிரே உடைக்கச் சொல்கிறேன். நிப்பிளில் குழாயை மாட்டிப் பழைய நிறம் போய்ப் புது நிறம் வருகிறவரை நான்கு சக்கரத்திலும் பக்கத்திலேயே நிற்கிறேன். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி காரின் பின்பெட்டியில் போட்டுக்கொள்கிறேன். காரைக் கொடுக்கும் முன்பே பழைய ரேடியேட்டரிலும் பேடிலும் பெயின்ட் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்துப் படம் எடுத்து வைக்கிறேன். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. என் இப்போதைய ஆள், சீனர், ஐம்பது வயதுக்கு மேல், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

இன்ஷூரன்ஸ் தாளையும் ஒருமுறை படியுங்கள். என் பாலிசியில் பந்தயத் தடத்தில் ஓட்டினால் எதுவும் கிடையாது என்று தெளிவாகவே இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கார் தடுப்புச் சுவரில் மோதியிருந்தால் முழுச் செலவும் என் தலையில்தான் விழுந்திருக்கும், தம்பிக்கு ஏதாவது ஆகியிருந்தால் சித்தப்பாவிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் மறுபடி செப்பாங் போகிறேன். தம்பியைக் கூப்பிடவில்லை. அவனாக வருகிறேன் என்று சொன்னால் பார்க்கலாம்.