பெங்களூரு மாடல் ரயில்காரர்களே, கறுப்பு டேப் சுற்றிய சர்வோ வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

மாடல் ரயில் லேஅவுட்டில் கைகாட்டியும் லெவல் கிராசிங் கேட்டும் தாமாகவே அசைய வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவற்றை அசைப்பது சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார். எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு மாடியறையை வைத்துக்கொண்டு, "சர்வோ வேலை முழுவதையும் நானே முடித்துத் தருகிறேன்" என்று ஆர்டர் பிடிக்கிறார் ஒருவர். என்னிடம் 18,000 ரூபாய் பேசி, 14,000 முன்பணம் வாங்கிக்கொண்டு, குப்பையைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. வேலையின் லட்சணத்தைச் சொல்கிறேன், ஆளை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்துச் சிறு ஸ்டேஷன் ஒன்றைத்தான் அல்சூர் வீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1:87 அளவு, தண்டவாள அகலம் 12 மில்லிமீட்டர். நான்கு கைகாட்டிகள், கிராசிங்குக்கு இரண்டு கேட், ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட் இரண்டு. ஆக எட்டு சர்வோ. உலோக கியர் உள்ள எம்ஜி90எஸ் போட வேண்டும், கேட் மெல்ல இறங்க வேண்டும், கைகாட்டியின் கை விழுந்ததும் நிஜத்தைப் போல ஓர் அதிர்வு அதிர்ந்து நிற்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருந்தேன். "அண்ணா, நம் ஊர்க்காரருக்குச் செய்யும் வேலை, கவலையே வேண்டாம்" என்றார். தன் கைவேலை என்று செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினார். அதே வீடியோ பல வருடங்களாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருப்பது பிறகுதான் தெரிந்தது.

பொருத்தி முடித்த அன்று ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினார். எல்லாம் அசைந்தன. பணம் கைமாறியது. அவர் படியிறங்கிப் போன பிறகு ரயிலை ஓடவிட்டேன். இரண்டு கேட்டும் ஒரு கைகாட்டியும் ஒரே நேரத்தில் நகர வேண்டிய கட்டம் வந்ததும், எல்லா சர்வோக்களும் ஒருசேர வெடவெடவென்று நடுங்கின. சர்வோக்களுக்குக் கட்டளை கொடுக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினி போர்டு அணைந்து மீண்டும் உயிர் பெற்றது. உயிர் பெற்றதும் கேட்டைத் தொடக்க நிலைக்கே, அதாவது திறந்த நிலைக்கே, கொண்டுபோனது. இன்ஜின் அப்போது கிராசிங்கின் நடுவில் இருந்தது.

பலகையைக் கவிழ்த்துப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. எட்டு சர்வோவின் சிவப்பு வயர்களும் ஆர்டுயினோ ஊனோவின் 5 வோல்ட் முனையிலேயே தொங்கின. அந்த போர்டுக்கு மின்சாரம் யுஎஸ்பி வழியாக ஒரு செல்போன் சார்ஜரிலிருந்து. ஊனோவில் யுஎஸ்பி பாதைக்கு 500 மில்லி ஆம்பியர் ஃப்யூஸ்தான் இருக்கிறது. இந்தச் சின்ன சர்வோ ஒன்றே தடைபட்டு நின்றால் அதைவிட அதிகம் இழுக்கும். ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டியதன் சூட்சுமம் இதுதான்.

அதைவிடப் பெரிய கூத்து சர்வோவிலேயே இருந்தது. எட்டுக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, தூசி புகாமல் இருக்க என்று விளக்கமும் தந்திருந்தார். டேப்பை உரித்தால் உள்ளே கண்ணாடி போன்ற நீல நிற பிளாஸ்டிக் பெட்டி. உச்சியில் இருக்கும் வெள்ளைக் கையைக் கழற்றப் பார்த்தேன், அசையவில்லை. சூப்பர் குளூ! அந்தக் கைக்கு நடுவில் ஒரு சிறு திருகு போதும், குளூ எவரும் போடுவதில்லை. கத்தி முனையால் நெம்பி எடுத்ததும், பித்தளை நிறத்தில் இருக்க வேண்டிய தண்டு பால் வெள்ளையாக இளித்தது. நைலான். தெருமுனை நகைக்கடைத் தராசில் வைத்தேன், 9 கிராம். எம்ஜி90எஸ் என்றால் 13 கிராமுக்கு மேல் காட்டும். நைலான் கியர் உள்ள, விலை பாதியாக இருக்கும் எஸ்ஜி90 ரகத்தைத்தான் டேப் சுற்றித் தந்திருக்கிறார். நைலான் கியரால் லேஅவுட் ஓடாது என்று நான் சொல்லவில்லை, லேசான கைகாட்டிக்கு அதுவே தாங்கும். ஆனால் நான் காசு கொடுத்தது உலோகத்துக்கு.

கேட் இறங்கிய அழகையும் சொல்லிவிடுகிறேன். சர்வோவுக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒரு மின் துடிப்பு போகும். துடிப்பின் நீளம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லி செகண்டுக்குள் எவ்வளவோ, அதற்கேற்ற கோணத்தில் தண்டு நிற்கும். அந்த நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால் கேட் நிதானமாக இறங்கும். நிரலில் நாலைந்து வரி வேலை. இவரோ கடைசிக் கோணத்தை நேராகக் கொடுத்திருந்தார், கேட் எலிப்பொறி போல அடித்து மூடியது. அந்த அடியிலேயே, சூட்டுப் பசையில் ஒட்டியிருந்த ஒரு சர்வோ கழன்று வயரில் தொங்கியது. திருகாணி போட இரண்டு காது அதிலேயே இருக்கிறது, அதைக்கூடப் பயன்படுத்தவில்லை.

போன் செய்தேன். "உங்கள் வீட்டு வோல்டேஜ் சரியில்லை, சார்" என்றார். அண்ணா அதற்குள் சார் ஆகிவிட்டேன். படங்களை அனுப்பியதும் எண்ணையே தடுத்துவிட்டார்.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா சர்வோக்களையும் ஒரே நேரத்தில் ஓடவிடச் சொல்லுங்கள். சர்வோக்களுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை இருக்க வேண்டும், எட்டுக்கு 5 ஆம்பியராவது வேண்டும். சப்ளையின் கிரவுண்டும் (மைனஸ் முனை) ஆர்டுயினோவின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். பிசிஏ9685 என்ற போர்டு ஒன்றே 16 சர்வோக்களுக்குத் துடிப்பு அனுப்பும், அதைப் போடச் சொல்லுங்கள். ஒரு சர்வோவின் கையைக் கழற்றித் தண்டைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கினாலே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அவர் தந்தது பில் அல்ல, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நல்லவேளையாக யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவும், எம்ஜி90எஸ் என்று அவரே எழுதிய வாட்ஸாப் செய்தியும் இருக்கின்றன. அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. புகார் பதிந்த செய்தி போனதும், வேறொரு எண்ணிலிருந்து அழைத்து 4,000 தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். முழுத் தொகையையும் கேட்டிருக்கிறேன். இவரிடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், உங்கள் சீட்டையும் டேப்பை உரித்த சர்வோவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.