பஞ்சுக் குச்சியும் பிளாஸ்டிக் உறையும்

“நீங்கள்தான் கனடாவுக்குத் திரும்பிப் போகிறீர்களே சார், கையோடு கொண்டுபோய்விடுங்கள். கூரியர் செலவு மிச்சம்” என்று சொல்லி அந்த நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் நீட்டினார். வாயைச் சுருட்டி, ஸ்டேப்ளரால் இரண்டு பின் அடித்திருந்தார். உள்ளே, டி.என்.ஏ. பரிசோதனைக்காக அம்மாவின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்த நான்கு பஞ்சுக் குச்சிகள். நானும் வாங்கிக்கொண்டேன். ஊரில் யார் எதை நீட்டினாலும் கை தானாக நீண்டுவிடுகிறது. வாங்கிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த ஒரு நொடியில் மாதிரி செல்லாமல் போய்விட்டது. என் மூன்று வார விடுப்பில் பாதியும் அதோடு போயிற்று.

கதை இதுதான். அம்மாவை டொராண்டோவுக்கு நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தேன். நான் பிறந்தது 1971-இல், துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டுத் திண்ணை அறையில், மருத்துவச்சி கையில். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது என்பதை எங்கள் தெருவுக்கு யாரும் சொல்லவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும்தான். அம்மா பெயரோ ஓர் ஆவணத்தில் ‘அம்மாள்’ சேர்ந்து, இன்னொன்றில் சேராமல், மூன்றாவதில் எழுத்துப் பிழையோடு. போதாக்குறைக்கு, எங்களோடு இருந்த பெரியம்மாவின் பெயரும் பழைய குடும்ப அட்டையில் உண்டு. இவர் உங்கள் தாய்தான் என்பதற்கு ஆவணங்கள் போதவில்லை, விரும்பினால் டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று குடிவரவுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அங்கே இதை எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. காகிதங்கள் கைவிட்ட பிறகே இந்த வழி. கனடாவின் தர நிர்ணய மன்றம் அங்கீகரித்த ஆய்வகமாக இருக்க வேண்டும், உறவு 99.8 சதவீதத்துக்குக் குறையாமல் உறுதியாக வேண்டும், செலவு முழுக்க நம் தலையில்.

அம்மாவா பெரியம்மாவா என்ற இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. ரேகை முறையை 1984-இல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதை முதன்முதலில் பயன்படுத்தியது ஒரு குடிவரவு வழக்கில்தான். கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய சிறுவன், தாயென்று சொன்ன பெண்ணின் மகனா, அவருடைய அக்காள் தங்கை பிள்ளையா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். தகப்பனின் மாதிரி கிடைக்காத நிலையில், தாயும் மற்ற மூன்று பிள்ளைகளும் இரத்தம் கொடுத்து, மகன்தான் என்று நிரூபித்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து நான் அதே வரிசையில் நின்றேன்.

விஷயம் எளிது. மரபணுத் தொடரில் இருபதுக்கு மேற்பட்ட குறிப்பிட்ட இடங்களை எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு சிறு துணுக்கு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதே அளவு. ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு அளவுகள். ஒன்று தாய் தந்தது, ஒன்று தகப்பன் தந்தது. தாயென்றால் எல்லா இடங்களிலும் ஓர் அளவாவது ஒத்துப்போக வேண்டும். எப்போதாவது ஓரிடம் மரபணு மாற்றத்தால் பிசகினால் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரியம்மா பல இடங்களில் ஒத்துப்போவார், பல இடங்களில் கழன்றுகொள்வார். அப்பா இல்லாமல் தாயும் பிள்ளையும் மட்டுமே போதும். அண்ணன் தம்பி என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. உடன்பிறந்தவர்கள் ஓரிடத்தில் இரண்டு அளவுகளும் ஒத்திருக்கலாம், ஒன்றுகூட ஒவ்வாமலும் இருக்கலாம்.

என் மாதிரியை டொராண்டோவிலேயே கொடுத்தேன். பத்து நிமிடம். குச்சியை எடுத்துப் பார்க்கலாம் என்று கை நீட்டினேன். அங்கிருந்தவர் தட்டாத குறையாக விலக்கினார். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

திருச்சியில் ஆய்வகம் ஏற்பாடு செய்திருந்த மருத்துவமனைக்கு அம்மாவோடு போனேன். வரவேற்பில் டி.என்.ஏ. என்று சொன்னதுமே அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, “கேஸா சார்?” என்றார். நம் ஊரில் அந்த மூன்று எழுத்துக்கு ஒரே பொருள்தான்: யாரோ மனைவியைச் சந்தேகப்படுகிறார். நீதிமன்றங்களே அதற்கு லேசில் இடம் கொடுப்பதில்லை. மண உறவில் பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளைதான் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 112-ஆம் பிரிவில் சொன்னது. புதிய சட்டத்தில் அது 116 ஆகியிருக்கிறது. எழுபத்தாறு வயதுத் தாயோடு வந்தவனை ஏன் அந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. “விசாவுக்கு” என்று நான் உரக்கச் சொன்னேன். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அம்மா வெற்றிலை போட்டிருந்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தந்து, அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேச்சுத் துணையும் ஆனார். ஊசி இல்லை என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. கன்னத்தின் உட்புறம் குச்சியைத் தேய்த்து எடுத்தார். இப்படி ஒரு கனிவை டொராண்டோவில் நான் கண்டதில்லை. பிறகு அதே கனிவோடு, ஆய்வகம் அனுப்பிய பெட்டியிலிருந்த காகித உறையைத் “தூசு படும்” என்று ஒதுக்கிவிட்டு, ஈரக் குச்சிகளைப் பிளாஸ்டிக்கில் போட்டார். காற்றில்லாத உறையில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், அதற்காகத்தான் காகிதம். முத்திரை நாடா பெட்டியிலேயே கிடந்தது. புகைப்படம் இல்லை, கைரேகை இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. கடைசியில் பொட்டலம் வந்து சேர்ந்தது யார் கையில்? இந்த முடிவால் ஆதாயம் அடையப்போகிற ஒரே ஆளின் கையில்!

அன்றிரவு ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே பேசிய பெண் கேட்டது ஒரே கேள்வி: “இப்போது அது எங்கே இருக்கிறது?” என் மடியில் என்றேன். புதிய பெட்டி அனுப்புகிறோம் என்றார். நான் சண்டை போட்டேன். என்ன செய்துவிடப் போகிறேன், குச்சியை மாற்றிவிடுவேனா என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது: மாற்றலாம்தான். பெரியம்மாவை அம்மா என்று காட்டி அழைத்துப்போக நினைப்பவன், அம்மாவின் எச்சிலை உறையில் போட்டால் போதாதா? அந்தக் குச்சி ஒரு தாயுடையது என்று ஆய்வகம் சொல்லும். பாஸ்போர்ட்டில் இருக்கிற கிழவியும் அந்தத் தாயும் ஒருவர்தான் என்று சொல்ல, ஒட்டிய உறையையும் அதன்மேல் உள்ள கையெழுத்தையும் விட்டால் வேறு சாட்சி இல்லை.

இரண்டாவது பெட்டி வர ஒன்பது நாள். இந்த முறை மூக்குக் கண்ணாடி நுனியில் தொங்க, ஒரு வயதானவர். குறிப்புத் தாளை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மைப்பெட்டி காய்ந்திருந்தது, மூன்றாவது முயற்சியில்தான் பெருவிரல் ரேகை விழுந்தது. குச்சிகள் உலரும் வரை சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மேசைப் பக்கம் நகர்ந்தேன். “நீங்கள் வெளியே நில்லுங்கள், தம்பி” என்றார். ஊரில் என்னை யாரோ வெளியே போகச் சொல்லி இவ்வளவு மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை. டொராண்டோவின் பத்து நிமிட வேலைக்கு இங்கே ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஆகட்டும்.

முடிவு நேரே குடிவரவு அலுவலகத்துக்குப் போயிற்று, எனக்கு ஒரு நகல். தசமப் புள்ளிக்குப் பிறகும் வரிசையாக ஒன்பதுகள். தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “நூறு போட மனசு வரவில்லையாமா?” என்றார் அம்மா. உறவில்லாத வேறொரு பெண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது, நூறு என்று எந்த ஆய்வகமும் எழுதாது என்று விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த முதல் பொட்டலத்தை என்ன செய்வது என்று கேட்டார். பின் அடித்தபடியே டிரங்குப் பெட்டியில், குடும்ப அட்டைக்குக் கீழே வைத்திருக்கிறாராம்.